மெல்ரோஸா, டிரைபரோவா? ஒரே நாள்தான் இருக்கிறது என்றால்

எடின்பரோவில் தங்கும் நாட்களில் ஒன்றைத் தெற்கே, ஸ்காட்லாந்து-இங்கிலாந்து எல்லைப்புறத்தில் இடிபாடாக நிற்கும் பழைய கிறிஸ்தவ மடாலயம் ஒன்றுக்கு ஒதுக்க நினைக்கிறீர்கள். விசாரித்த இடத்திலெல்லாம் மெல்ரோஸுக்குப் போகச் சொல்கிறார்கள். உங்களுக்குக் கூட்டமில்லாத இடம் வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவும் உடன் வருகிறார். கூரையில்லாத சுவர்களில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று அவர் கேட்கிறார். நீங்கள் எழுதியதன் சாரம் இதுதானே?

என் பதில் டிரைபரோ. அமைதி வேண்டும் என்று நீங்கள் சொன்னதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அம்மாவின் கேள்விக்கும் அங்கேதான் சரியான பதில் கிடைக்கும்.

அந்த வட்டாரத்தில் நான்கு பெரிய மடாலயங்கள் இருக்கின்றன: கெல்சோ, மெல்ரோஸ், ஜெட்பரோ, டிரைபரோ. நான்கும் முதலாம் டேவிட் மன்னரின் ஆட்சிக்காலத்தில், அதாவது 1124-க்கும் 1153-க்கும் இடையில் தோன்றியவை. கெல்சோ, மெல்ரோஸ், ஜெட்பரோ மூன்றுக்கும் போனால் கண்ணில் படுவது கோயில், அதாவது மடத்தின் தேவாலயம். மெல்ரோஸில் கல்லில் இழைத்த பெரிய சாளரங்கள், ஜெட்பரோவில் ஏறக்குறைய முழு உயரத்துக்கு நிற்கும் சுவர்கள், கெல்சோவில் கோட்டை போன்ற மேற்கு முகப்பு. ஆனால் அங்கே வாழ்ந்த துறவிகள் எங்கே உண்டார்கள், எங்கே உறங்கினார்கள், எங்கே கூடிப் பேசினார்கள் என்று கேட்டால், புல்தரையில் முழங்கால் உயர அடித்தளங்களைத்தான் காட்டுவார்கள். டிரைபரோவில் இது தலைகீழ். கோயில் பெரும்பாலும் போய்விட்டது, மடம் நிற்கிறது. கூரையோடு கூடிய அறைகளுக்குள்ளேயே நீங்கள் நுழையலாம். கட்டடக்கலையில் நாட்டமில்லாதவர்களுக்குக்கூட ஓர் அறைக்குள் நின்றால் அங்கே மனிதர்கள் இருந்தது புரிந்துவிடும். அதனால்தான் அம்மாவுக்கு இதுவே ஏற்றது என்கிறேன்.

ஏன் இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெரிந்துகொண்டு போனால் அங்கே ஒவ்வொரு சுவரும் பேசும். தெரியாமல் போனால் அழகான பூங்காவில் சில கற்கள், அவ்வளவுதான்.

மடத்தை 1150-இல் நிறுவியவர் ஹியூ டி மோர்வில். நார்மன் வம்சத்தவர், டேவிட் மன்னரின் நெருங்கிய நண்பர், ஸ்காட்லாந்தின் படைத்தலைமைப் பதவியை வகித்தவர். கடைசிக் காலத்தில் அவரே இந்த மடத்தில் சேர்ந்து, 1162-இல் இறந்தார். அவர் இங்கே குடியேற்றியது பிரேமோந்த்ரே சபையினரை. பிரான்சில் புனித நார்பெர்ட் தொடங்கிய சபை அது. வெள்ளை அங்கி அணிந்ததால் மக்கள் அவர்களை வெள்ளைக் குருக்கள் என்றே அழைத்தார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அவர்கள் துறவிகள் என்பதைவிட, துறவிகளைப் போலக் கூடி வாழ்ந்த குருக்கள். புனித அகஸ்டினின் ஒழுங்கைப் பின்பற்றினார்கள். முதல் கூட்டத்தினர் எல்லைக்கு அப்பால் இங்கிலாந்தின் ஆல்னிக்கிலிருந்து வந்தவர்கள். பிற்பாடு இங்கிலாந்துப் படைகள் இந்த மடத்துக்குச் செய்ததை நினைத்தால் இது ஒரு விசித்திரம்தான்.

இடத்தையும் பாருங்கள். ட்வீட் ஆறு இங்கே பெரிய வளைவு ஒன்று போட்டு, மடத்தின் நிலத்தை மூன்று பக்கமும் சூழ்ந்து ஓடுகிறது. இன்றைக்கும் அந்த வளைவுக்குள் ஒரு சில வீடுகளும் ஒரு ஓட்டலும் தவிர வேறொன்றும் இல்லை. வழிபோக்கராக யாரும் அந்தப் பக்கம் வர முடியாது. அங்கே போக வேண்டும் என்று கிளம்பியவர்கள்தான் போய்ச் சேருவார்கள். அமைதிக்கு முக்கியக் காரணம் இதுதான். ஆனால் எப்போதும் இப்படியே இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். 16-ஆம் நூற்றாண்டில் மடத்தை ஒட்டி ஒரு சிறு நகரம் இருந்தது. 1544-இல் அதைக் கொளுத்திய இங்கிலாந்துப் படையினரே அது நன்றாகக் கட்டப்பட்ட ஊர் என்று தங்கள் அறிக்கையில் எழுதி வைத்தார்கள். அந்த ஊர் மீண்டும் எழவில்லை.

நெருப்பு இந்த மடத்துக்குப் பழக்கமான விருந்தாளி. 1322-இல் இங்கிலாந்தின் இரண்டாம் எட்வர்ட் பெரும்படையோடு வந்தார். ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் சண்டைக்கே வராமல், வழியிலிருந்த கால்நடைகளையும் தானியத்தையும் அப்புறப்படுத்திவிட்டார். பட்டினியோடு திரும்பிய படை, போகிற வழியில் மெல்ரோஸையும் டிரைபரோவையும் சூறையாடியது. படை திரும்பிப் போகிறது என்ற மகிழ்ச்சியில் இங்கிருந்தவர்கள் மணியடித்தார்கள், அந்தச் சத்தம் கேட்டுத்தான் வீரர்கள் ஆத்திரத்தோடு திரும்பி வந்து கொளுத்தினார்கள் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, பட்டினி கிடந்த படைக்கு மணிச்சத்தம் தேவைப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு 1385-இல் இரண்டாம் ரிச்சர்டின் படை; 1461-இல் இன்னொரு தீ; 1544-இலும் 1545-இலும் எட்டாம் ஹென்றியின் படைகள். குழந்தையாக இருந்த ஸ்காட்லாந்து அரசி மேரியைத் தன் மகனுக்கு மணமுடித்துத் தர மறுத்ததற்காக ஹென்றி எல்லைப்புறத்தையே எரித்துக்கொண்டிருந்த காலம் அது.

1560-இல் ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்தைக் கைவிட்டபோது மடங்களின் கதை முடிந்தது. ஆனால் டிரைபரோவின் நிர்வாகம் அதற்கு முன்பே துறவிகள் கையைவிட்டுப் போயிருந்தது. மடத்தின் வருமானத்தை அனுபவிக்க மன்னர் தமக்கு வேண்டியவர்களைப் பெயரளவு மடாதிபதிகளாக நியமிப்பது அக்கால வழக்கம். இங்கே அப்படி எர்ஸ்கின் குடும்பத்தினர் வந்தார்கள். அவர்களுக்குக் கோயிலால் பயனில்லை. குடியிருக்க வீடு தேவைப்பட்டது. முற்றத்தின் கிழக்குப் பக்கத்தில் துறவிகள் படுத்துறங்கிய மாடியை எடுத்து, குளிர்காயக் கணப்பு வைத்து, சன்னல் மாற்றி, மாளிகையாக்கிக்கொண்டார்கள். கோயில் கவனிப்பாரற்றுச் சிதைந்தது. மெல்ரோஸிலும் ஜெட்பரோவிலும் நடந்தது இதற்கு நேர்மாறு: ஊர் மக்கள் கோயிலின் ஒரு பகுதியைத் தங்கள் தேவாலயமாக வைத்துக்கொண்டார்கள். மெல்ரோஸில் 1810 வரையும் ஜெட்பரோவில் 1875 வரையும் அங்கே வழிபாடு நடந்தது. அதனால் அங்கே கோயில் தப்பியது. எதற்கு உபயோகம் இருந்ததோ அது நின்றது. புனிதம் எதையும் காப்பாற்றவில்லை, குடியிருப்புத்தான் காப்பாற்றியது.

சரி, உள்ளே போய் எப்படிப் பார்ப்பது? பெரும்பாலானவர்கள் நேராகச் சர் வால்டர் ஸ்காட்டின் கல்லறைக்குப் போய்ப் படமெடுத்துவிட்டு, புல்தரையில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கல்லறையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலின் மேற்கு வாசலிலிருந்து தொடங்குங்கள். அரைவட்ட வளைவு கொண்ட அந்த வாசலைப் பார்த்ததும் இதுதான் மிகப் பழைய பகுதி என்று தோன்றும். இல்லை. 1385 தீக்குப் பிறகு முகப்பைத் திரும்பக் கட்டியபோது வைத்தது அது. 15-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கொத்தர்கள் போன வழியில் போகாமல், ஸ்காட்லாந்துக் கொத்தர்கள் மீண்டும் பழைய அரைவட்ட வளைவுக்கே திரும்பினார்கள். ஆகவே இங்கே அரைவட்ட வளைவு என்றால் ஒன்று மிகப் பழையது, அல்லது மிகப் பிந்தியது. இரண்டுக்கும் நடுவே உள்ள கூர்வளைவுகள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இந்த ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதி மடத்தின் வயதை நீங்களே சொல்லிவிடலாம்.

வாசலைக் கடந்தால் நடுக்கூடம் இருந்த இடத்தில் புல்லும் தூண்களின் அடிக்கட்டைகளும்தான். எதிரே, சிலுவை வடிவத்தின் இரு கைகளும் உயர்ந்து நிற்கின்றன. தெற்குக் கையின் சுவரில் உயரமான சாளரத் தொகுதி ஒன்று இருக்கிறது. அது ஏன் அவ்வளவு மேலே தொடங்குகிறது என்று பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கைக்கூடம் ஒட்டிக் கட்டப்பட்டிருந்தது. அதன் கூரைக்கு மேலேதான் வெளிச்சத்துக்கு வழியிருந்தது. அங்கேயே மாடிப்படியின் எச்சத்தையும் காணலாம். நள்ளிரவு வழிபாட்டுக்கு உறக்கத்திலிருந்து எழுந்து நேராகக் கோயிலுக்குள் இறங்கிய வழி அது. ஜனவரி மாதம், வடக்கு அட்சரேகை 55 பாகையில், கல்தரையில், கணப்பில்லாமல். நம் ஊர் மார்கழிப் பஜனைக்கு எழுவதையே பெரிய தியாகமாகச் சொல்லிக்கொள்பவர்கள் அந்தப் படியின் அருகில் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

அங்கிருந்து முற்றத்துக்கு இறங்குங்கள். இறங்குங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: நிலம் ஆற்றை நோக்கிச் சரிவதால், மேலே கோயில், அதற்குக் கீழே முற்றம், இன்னும் கீழே உணவுக்கூடம் என்று படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். கோயிலையும் முற்றத்தையும் இணைக்கும் வாசல் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. இது உண்மையிலேயே பழைய அரைவட்ட வளைவு. அதன் ஓரத்தில் பல்வரிசைபோலக் கூர்மையான சிறு பூக்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. விழாக்களில் ஊர்வலம் நுழைந்த வாசல் இது. தாண்டியதும் இடப்பக்கச் சுவரில் வளைவுடன் கூடிய ஒரு மாடம் தெரியும். அது நூல் வைத்த இடம். மரப்பலகை வைத்துக் கையெழுத்துப் பிரதிகளை அடுக்கி, முற்றத்துச் சுற்றுநடையில் உட்கார்ந்து படித்தார்கள். கோயிலுக்குப் போகும் வாசலை ஒட்டி நூல் மாடம். எதை எதற்குப் பக்கத்தில் வைத்தார்கள் என்று பார்த்தாலே அவர்களுடைய நாள் எப்படிப் போனது என்பது புலப்படும்.

இந்தக் கிழக்கு வரிசையில்தான் மடத்தின் உயிர் இருக்கிறது. அதிலும் அவைக்கூடம். நேரம் குறைவாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டாவது இதைப் பாருங்கள். வாசலின் இருபுறமும் சாளரங்கள். சில படிகள் இறங்கி உள்ளே போக வேண்டும். வெளியே வெயிலிருந்தால் முதலில் ஒன்றும் தெரியாது, கண் பழகட்டும். தலைக்கு மேலே பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற கல் வளைகூரை, முழுதாக. சுவரை ஒட்டிக் கல் திண்ணை. நாள்தோறும் காலையில் எல்லோரும் அதில் உட்காருவார்கள். சபை ஒழுங்கில் ஒரு பகுதியை ஒருவர் படிப்பார். தவறு செய்தவர்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்வார்கள். நிலம், குத்தகை, வழக்கு ஆகியவையும் இங்கேதான் பேசப்படும். கிழக்குச் சுவரில் மூன்று ஒடுக்கமான சாளரங்கள், அவற்றின் கீழே குறுந்தூண் வளைவுகளின் வரிசை. அந்த வளைவுகளை அருகில் போய்ப் பாருங்கள்: ஒரு தூணிலிருந்து எழும் வளைவு அடுத்த தூணில் இறங்காமல் அதைத் தாண்டி அதற்கடுத்த தூணில் போய் இறங்குகிறது. அதனால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட வளைவுகள், நடுவே கூர்வளைவுகளும் தாமாகவே உருவாகிவிடுகின்றன.

பிறகு அண்ணாந்து பாருங்கள். சுண்ணப்பூச்சு அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் வண்ணம் தீட்டிய வடிவியல் கோலங்கள் மங்கலாகத் தெரியும். வெற்றுக் கல்லாகப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கட்டடங்கள் கல் நிறத்திலேயே இருந்தன என்றுதான் நினைப்பு. உண்மையில் உட்சுவர்கள் வெள்ளையடித்து வண்ணம் தீட்டப்பட்டவை. நாம் ரசிக்கும் இளஞ்சிவப்பு மணற்கல்லை அவர்கள் பூச்சுக்கு அடியில் மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஓர் அடியில் பாதி அகலம்கூட இல்லாத ஒரு வண்ணத் திட்டு, எண்ணூறு ஆண்டு ஈரத்தையும் நான்கைந்து தீயையும் தாண்டி அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கைபேசியின் ஒளியைப் பக்கவாட்டில் பிடித்தால் நன்றாகத் தெரியும், தொடக்கூடாது.

அவைக்கூடத்துக்கு அப்பால் கணப்பறை. சமையலறையையும் நோயாளிகள் அறையையும் விட்டால் குளிர்காய நெருப்பு அனுமதிக்கப்பட்டிருந்த ஓர் இடம் இது. மேலே நிமிர்ந்தால் மாடிச் சுவர்களின் நடுவே தொங்கும் கணப்பு வாய்களையும், அளவு மாறிய சன்னல்களையும் காணலாம். அவைதான் எர்ஸ்கின் குடும்பம் மாளிகையாக்கிய அடையாளங்கள். தரை போய்விட்டதால் கணப்புகள் அந்தரத்தில் நிற்கின்றன.

தெற்குப் பக்கத்து உணவுக்கூடம் மேலே இல்லை; நிலவறைகள் மட்டும் இருக்கின்றன. ஆனால் அதன் மேற்குச் சுவர் முக்கோணமாக நிற்கிறது. அதில் வட்டச் சாளரம் ஒன்று, பூவிதழ்போல ஆரக்கால்கள் விரிய. டிரைபரோ என்றதும் படங்களில் வருவது பெரும்பாலும் இதுதான். நல்ல படம் வேண்டுமென்றால் பிற்பகலில் முற்றத்திலிருந்து எடுங்கள். இன்னும் தெற்கே போனால் நீர்க்கால் ஒன்றும் அதன் மேல் வாயில் கட்டடமும் உண்டு. ஓடிப் பார்த்தால் போதும்.

இப்போது கல்லறைகளுக்கு வருவோம். கோயிலின் வடக்குக் கையில் இரண்டு பேர் அடக்கமாகியிருக்கிறார்கள், இருவரும் பெயர் பெற்றவர்கள், இருவருக்கும் ஒன்றும் பொருத்தமில்லை. ஒருவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். 1832 செப்டம்பரில் தம் மாளிகையான அபட்ஸ்ஃபோர்டில் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பாட்டி வழியில் ஹாலிபர்ட்டன் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் டிரைபரோ நிலம் சொந்தமாக இருந்தது. உறவினர் ஒருவர் கடனில் மூழ்கியதால் அது கைவிட்டுப் போனது. எலும்பை நீட்டிப் படுக்கும் உரிமை மட்டும்தான் மிச்சம் என்ற பொருளில் ஸ்காட்டே எழுதியிருக்கிறார். மனைவியும் மூத்த மகனும் அருகில். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய மருமகன் லாக்கார்ட் காலடியில்.

இன்னொருவர் ஃபீல்டு மார்ஷல் டக்ளஸ் ஹெய்க். முதல் உலகப் போரில் 1915 இறுதியிலிருந்து மேற்கு முனையில் பிரிட்டிஷ் படைகளை நடத்தியவர். லட்சக்கணக்கானோர் மாண்ட சோம் போர்க்களத்தின் பெயரோடு இன்றும் சேர்த்துப் பேசப்படுபவர். பக்கத்து பெமர்சைட் மாளிகை அவருடைய முன்னோர்களுடையது. 1928-இல் இறந்தபோது லண்டனில் பெரிய கல்லறை கிடைத்திருக்கும். இங்கே, போரில் இறந்த சாதாரணச் சிப்பாய்களுக்கு வைத்த அதே வடிவக் கல்லின் கீழ் படுத்திருக்கிறார். அவரைப் பற்றிய தீர்ப்பு இன்னும் முடியவில்லை, அந்தக் கல்லைப் பணிவு என்று கொள்பவர்களும் உண்டு, காலம் கடந்த பணிவு என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவன்.

ஆனால் டிரைபரோவின் உண்மையான கதாநாயகர் மூன்றாமவர். பக்கன் பிரபு, டேவிட் எர்ஸ்கின். பழைய பெயரளவு மடாதிபதிகளின் வழிவந்தவர். 1780-இல் ஸ்காட்லாந்துத் தொல்பொருள் ஆர்வலர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1786-இல் இந்த இடிபாட்டை வாங்கி, மரம் நட்டு, தோட்டமாக்கினார். இன்று நாம் காணும் அமைதியான சோலை துறவிகளுடையதன்று, பெரும்பங்கு இவருடைய கைவேலை. மனிதர் படாடோபப் பிரியர். 1819-இல் ஸ்காட் கடுமையாக நோயுற்றிருந்தபோது எடின்பரோ வீட்டுக்கு இவர் போய், தடுத்தவர்களையும் மீறி மாடிப்படி ஏறப் பார்த்தார். எதற்காக? டிரைபரோவில் நடக்கப்போகும் இறுதிச் சடங்குக்கு எல்லா ஏற்பாட்டையும் தாமே செய்துவிட்டதாக நோயாளியிடம் சொல்லி ஆறுதல்படுத்த! வேலைக்காரர் அவரை வெளியே தள்ளவேண்டியிருந்தது. ஸ்காட் பிழைத்துக்கொண்டார். பத்தாண்டு கழித்து, 1829-இல், பக்கன் பிரபுவின் அடக்கத்துக்கு ஸ்காட்தான் டிரைபரோ போனார். தலையையும் காலையும் திசை மாற்றி வைத்து அடக்கம் செய்திருந்தார்கள். அதைச் சுட்டிக்காட்டலாமா என்று உறவினர் கேட்க, வாழ்நாளெல்லாம் தலை நேராக இல்லாதவருக்கு இறந்த பிறகா நேராகப் போகிறது என்ற பொருளில் ஸ்காட் பதில் சொன்னதாக அவருடைய நாட்குறிப்பிலேயே இருக்கிறது.

கிண்டல் இருக்கட்டும், பக்கன் இல்லாவிட்டால் இன்று பார்க்க இவ்வளவு மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே. 1918-இல்தான் இது நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அதுவரை தனியார் கையிலேயே இருந்தது.

பக்கனின் ஆர்வம் மதிலோடு நிற்கவில்லை. ஆற்றங்கரை நடைபாலத்தின் அருகே ஒரு சிறு மேட்டில் தூண்கள் சூழ்ந்த கலைக் கோயில் ஒன்றைக் கட்டி, கவிஞர் ஜேம்ஸ் தாம்சனுக்கு அர்ப்பணித்தார். வடக்கே குன்றின் மேல் ஸ்காட்லாந்தின் விடுதலைக்காகப் போரிட்ட வில்லியம் வாலஸுக்குச் சிவப்பு மணற்கல்லில் மாபெரும் சிலை. 1814-இல் டார்னிக் ஊர் ஜான் ஸ்மித் செதுக்கியது. கைநேர்த்தியைவிட உயரத்தை நம்பிய சிலை அது. ஸ்காட்டுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆனால் மரங்களுக்கு நடுவே நடந்துபோய்த் திடீரென்று எதிரே பார்க்கும்போது ஒரு திகைப்பு வரத்தான் செய்கிறது. மடத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர், ஏற்றம். அம்மாவை அழைத்துப் போக வேண்டாம். கார் இருந்தால் இன்னும் சற்று வடக்கே ஸ்காட்டின் காட்சிமுனை என்னும் இடத்தில் நிறுத்துங்கள். கீழே ட்வீட் வளைவு, எதிரே மூன்று கொடுமுடிகளோடு ஐல்டன் குன்றுகள். இறுதி ஊர்வலத்தன்று ஸ்காட்டின் சவவண்டி அந்த மேட்டில் சற்று நேரம் நின்றுவிட்டது என்று லாக்கார்ட் எழுதுகிறார். எசமானர் வழக்கமாக நிறுத்தும் இடம் என்று குதிரைகளே நின்றுகொண்டன என்பது பிற்பாடு வளர்ந்த கதை. வழிகாட்டிகள் அதை உறுதியோடு சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

மடத்தின் அருகிலேயே ஒரு முதிய யூ மரம் உண்டு. துறவிகள் 1136-இல் நட்டது என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் மடம் நிறுவப்படுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே நட்டிருக்க வேண்டும். மரம் மிகப் பழையது என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிட நினைத்தால், யூ மரத்தின் இலையும் விதையும் நஞ்சு என்பதை நினைவில் வையுங்கள். குழந்தைகள் யாராவது உடன் வந்தால் முக்கியமாக.

போகும் வழி. எடின்பரோ வேவர்லி நிலையத்திலிருந்து ட்வீட்பேங்க் வரை ரயில், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 1969-இல் மூடப்பட்டு 2015-இல் திரும்பத் திறந்த பாதை, பயணமே அழகு. அங்கிருந்து மெல்ரோஸ் வழியாகச் செயின்ட் பாஸ்வெல்ஸ் பக்கம் பஸ். இறங்கி ஆற்றங்கரையோடு நடந்து, நடைபாலத்தைக் கடந்தால் மடாலயம். நிதானமாக நடந்தால் முக்கால் மணி வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் சரியான வருகை என்பேன், ஏனென்றால் ஆற்றைக் கடந்து நுழையும்போதுதான் அந்த நில வளைவு புரிகிறது. ஆனால் அது உங்களுக்கு. அம்மாவுக்கு மெல்ரோஸிலோ ட்வீட்பேங்கிலோ டாக்சி சொல்லிவைத்துவிடுங்கள், முந்தின நாளே. அங்கே தெருவில் கை காட்டினால் டாக்சி நிற்காது. கார் பாலம் தள்ளி இருப்பதால் வண்டி சுற்றிக்கொண்டுதான் வரும், பயப்பட வேண்டாம். திரும்பும் நேரத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். மடத்தைச் சுற்றிக் கைபேசித் தொடர்பை நம்பியிருக்காதீர்கள்.

அம்மாவின் முழங்காலைப் பற்றி: கோயில் பகுதி சமதளப் புல்தரை, கல்லறைகள் வரை சிரமமில்லை. முற்றத்துக்கும் அவைக்கூடத்துக்கும் படி இறங்க வேண்டும். தேய்ந்த கல், மழை பெய்திருந்தால் வழுக்கும். கைத்தடி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவைக்கூடத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மற்றதைச் சுற்றி வரலாம். ஜூலையிலும் ஒரு கம்பளிச் சட்டை தேவை, கல்லால் கட்டிய அறைகளுக்குள் குளிர் தங்கும்.

கிளம்பும் முன் ஹிஸ்டாரிக் என்விரான்மெண்ட் ஸ்காட்லாந்து நிறுவனத்தின் இணையதளத்தில் நிலவரத்தைப் பார்ப்பது கட்டாயம். மேல்மட்டக் கற்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று அண்மை ஆண்டுகளில் தங்கள் பொறுப்பிலுள்ள பல இடங்களில் ஆய்வு செய்து வருகிறார்கள். ஆய்வு முடியும்வரை சில பகுதிகளை வேலியிட்டு அடைத்துவிடுவார்கள். அவைக்கூடம் அடைபட்டிருக்கும் நாளில் போவதென்றால் நான் மெல்ரோஸுக்கே போகச் சொல்வேன். எடின்பரோ கோட்டைக்கும் ஸ்டெர்லிங் கோட்டைக்கும் போகிறீர்கள் என்றால் அதே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் பாஸ் வாங்குவது லாபம், டிரைபரோவுக்கும் செல்லும். குளிர்காலத்தில் சீக்கிரமே மூடிவிடுவார்கள். கடைசி நுழைவு அதற்கும் முன்பே.

மெல்ரோஸை அடியோடு விட மனமில்லையென்றால், காலையில் டிரைபரோ, பிற்பகல் மெல்ரோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் புரூஸின் இதயம் புதைக்கப்பட்ட இடம் என்பதாலும், கூரை விளிம்பில் பேக்பைப் என்னும் பைக்குழல் வாசிக்கும் பன்றிச் சிற்பம் இருப்பதாலும் அங்கே ஒரு மணி நேரம் நன்றாகவே போகும். முறையை மாற்றி வைத்தால் மெல்ரோஸ் கடைகளிலும் டீக்கடையிலும் நேரம் கரைந்து, டிரைபரோவுக்கு வந்து சேரும்போது டிக்கெட் அறையைப் பூட்டிக்கொண்டிருப்பார்கள். ஸ்டேஷனும் மெல்ரோஸ் பக்கத்திலேயே இருப்பதால் மாலை ரயிலைப் பிடிக்கவும் இந்த வரிசைதான் வசதி.